விளக்குக்கு அல்ல, ஒயருக்குத்தான் ஃபியூஸ்

மார்கழிப் பனியில் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அதிகாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு, எதிரே வரும் டிராக்டர் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஆகவே டெல்டாவில் பனிவிளக்கு மாட்டுவது பந்தாவுக்காக மட்டும் அல்ல. கவலை விளக்கைப் பற்றியதும் அல்ல. அதற்குக் கரண்ட் எடுக்கும் விதத்தைப் பற்றியது.

கணக்கு எளிது. காரில் இருப்பது 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட், அதாவது சுமார் 9 ஆம்பியர். வீட்டின் 230 வோல்ட்டில் இதே 110 வாட் அரை ஆம்பியரைக்கூட எட்டாது. சின்ன பல்புதானே என்று பார்க்கிங் லைட் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விளக்கு எரியத்தான் செய்யும். ஒயரும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

பேட்டரியிலிருந்து தனி லைன், அதில் ஒரு ஃபியூஸ், பிறகு ரிலே: இதுதான் முறை. ரிலேயின் 30 என்ற காலுக்கு பேட்டரி லைன் வரும், 87 விளக்குக்குப் போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு. டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியே அந்தச் சுருளுக்கான சொற்பக் கரண்ட் மட்டும் ஓடும். சுருளின் லைனை இக்னிஷனிலிருந்து எடுத்தால், சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும் விளக்கும் அணைந்துவிடும். அப்படி எடுக்காமல், விளக்கை அணைக்கவும் மறந்துபோனால், சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு மணி நேரத்தில் காலி.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. அதனால்தான் அது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஓடும் ஒயர் முழுவதும் அநாதை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கும் பேட்டரி, ஷார்ட் ஆன ஒயரிலும் அதே வேகத்தில் கொட்டும். 9 ஆம்பியர் விளக்குகளுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரும் 15 ஆம்பியர் நீல ஃபியூஸும் போதும். அது போனால் 30 ஆம்பியர் பச்சையைச் செருகுவது, வீட்டு ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டும் அதே பழைய வித்தை.

இந்தப் பகுதிக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: எலி. அறுவடை முடிந்து வயலில் தீனி குறைந்ததும் வரப்பு வளைகளை விட்டு வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் வந்துவிடும். வாசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் இதமான சூடும் மறைவும் கிடைக்கின்றன. வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்க்க ஒயரும் கிடைக்கிறது. வயலில் தஞ்சாவூர் கிட்டி என்ற பொறியை வைத்துப் பிடிக்கலாம்; பானெட்டுக்குள் அது நடக்காது. கடிபட்ட ஒயரின் செம்பு கார் பாடியில் உரசினால் நேராக ஷார்ட்தான். ஃபியூஸ் சரியான இடத்தில் இருந்தால் சில ரூபாய் நஷ்டம். இல்லையென்றால் பானெட்டுக்குள் தீ. புது ஒயரை நெளிகுழாய்க்குள் விட்டு, எஞ்சின் சூடு படாத வழியாகக் கொண்டுபோவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரில் டேப் சுற்றிய இணைப்புகள் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பதால் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லலாம்.

வேலை முடிந்து காசு கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஃபியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர்? பானெட்டைத் திறந்து கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.