ஜவ்வாது மலையில் முதுமையைக் கழிக்க முடியுமா?

ஜெர்மனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், மீதிக் காலத்தை ஜவ்வாது மலையில் கழிக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூரில் சின்னதாக ஒரு வீடு, காலையில் கோலப்பன் ஏரிவரை நடை, சாமைச் சோறு, மாலையில் பலா மரத்தடியில் நாற்காலி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியச் சட்டம் இதை அனுமதிக்குமா? அவருடைய பென்ஷன் இங்கே வந்து சேருமா? நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவார்?

சுருக்கமான விடை: வரலாம், சில மாதங்கள் தங்கலாம். ஆனால் ‘முதுமையைக் கழிக்க வந்திருக்கிறேன்’ என்ற ஒரே காரணத்துக்காக இந்தியா விசா கொடுப்பதில்லை. வேலை, படிப்பு, மருத்துவம், வணிகம், ஆய்வு, சுற்றுலா எனப் பல வகை விசாக்கள் இருக்கின்றன. ஓய்வுக்கால விசா மட்டும் இல்லை.

இத்தனைக்கும் இந்த மலையின் இரு பக்கத்து அடிவாரங்களும் வெளிநாட்டவர்களை முதுமைவரை வைத்துக் காப்பாற்றிய ஊர்கள். மேற்கே திருப்பத்தூர், தென்கிழக்கே திருவண்ணாமலை.

திருப்பத்தூரில் 1921-இல் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள், சுற்று வட்டார மக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள். ஊர் மக்கள் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆசிரமத்து ஜெபாலயம் கோபுரத்தோடு தமிழ்நாட்டுக் கோயில் பாணியில் எழுந்தது. கதர் உடுத்திய வெள்ளைக்காரராகச் சென்னைத் தெருவில் நின்றதற்காக 1932-இல் பேட்டன் போலீசிடம் அடிபட்டார். அந்தச் செய்தி லண்டன் நாடாளுமன்றம்வரை போனது. பெரியண்ணன் 1969-இல் காலமானார். அடுத்த ஆண்டே சின்னண்ணனும் போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பேட்டனுக்குத் திருப்பத்தூர்தான் ஊர். வயதான காலத்தில் அவரைக் கவனிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சுற்றி ஒரு குடும்பமே இருந்தது.

பேட்டன் உழைக்க வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வந்தவருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். ஆங்கிலேய ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஆலன் சாட்விக், மயோர்க்கா தீவில் வாழ்ந்தபோது பால் பிரண்டனின் நூல் வழியாக ரமண மகரிஷியைப் பற்றி அறிந்தார். 1935 நவம்பர் 1 அன்று ரமணாசிரமத்துக்கு வந்தார். பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் அங்கேதான்.

சாட்விக்கின் அன்றாடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஓய்வுக்காலம் அந்நிய மண்ணில் எப்படி வேர் பிடிக்கிறது என்பது புரியும். ஆசிரம வளாகத்துக்குள்ளேயே தனக்கென ஓர் அறை கட்டிக்கொண்டார். புதிதில் ரமணரே அங்கு வந்து போவதுண்டு. காலையிலும் மாலையிலும் வேத பாராயணம். இடையில் ஹாலில் ரமணர் முன் அமர்வது. மணி அடித்தால் சாப்பாடு. நடுவே எழுத்து வேலை: ரமணரின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1950-இல் ரமணர் மறைந்தபோது பலர் ஊரை விட்டுப் போனார்கள், சாட்விக் போகவில்லை. வேத பாடசாலை மீண்டும் நடக்கவும், ஸ்ரீசக்ர பூஜை ஒழுங்காக நடக்கவும் முன்னின்றார். 1961-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். 1962-இல் காலமானார். அவர் சமாதி ஆசிரமத்திலேயே இருக்கிறது.

அவரைப்போல இன்னும் சிலர் இருந்தார்கள். இராக்கின் பஸ்ராவில் பிறந்த யூதரான எஸ்.எஸ். கோஹன் 1936-இல் வந்து, பக்கத்திலிருந்த பலாக்கொத்தில் மண்குடிசை போட்டுக்கொண்டார். பாங்காக்கில் பேராசிரியராக இருந்து, ஜப்பானியர்களிடம் போர்க்காலக் கைதியாகச் சிக்கி மீண்ட ஆர்தர் ஆஸ்போர்ன் 1945-இல் திருவண்ணாமலையில் குடும்பத்தோடு சேர்ந்தார். 1964-இல் ஆசிரமத்தின் ஆங்கில இதழைத் தொடங்கி, 1970-இல் இறக்கும்வரை அதன் ஆசிரியராக இருந்தார்.

தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளிலும் இப்படி உண்டு. திராவிட மொழிகளை ஆராய்ந்த பிஷப் கால்டுவெல் 1891 ஜனவரியில் பணி ஓய்வு பெற்றதும் கொடைக்கானலுக்குத்தான் போனார்; அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே இறந்து இடையன்குடியில் அடக்கமானார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை வளர்த்தெடுத்த ஐடா ஸ்கடர் 1946-இல் ஓய்வு பெற்றார். அமெரிக்காவுக்குத் திரும்பாமல், 1960-இல் கண்மூடும்வரை கொடைக்கானலில் வாழ்ந்தார்.

இவர்களில் யாரும் தனியாளாக வீடு பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு முதுமையைக் கழித்தவர்கள் அல்ல. எல்லோருக்கும் ஒரு பந்தி இருந்தது, ஒரு வேலை இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். விசாவைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி, இன்றைய நிலைமை.

சாட்விக் வந்தபோது இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஓர் ஆங்கிலேயர் இங்கே தங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. இன்று எல்லா வெளிநாட்டவரும் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்தது இது. ஓய்வு பெற்ற ஜெர்மானியர் பெரும்பாலும் சுற்றுலா விசாவில்தான் வர வேண்டும். ஐந்து ஆண்டுக்கான இ-விசாகூடக் கிடைக்கும். ஆனால் விசா எத்தனை ஆண்டுக்கு என்பது வேறு, எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தை ஒட்டி நிறையும் வெளிநாட்டவர் வீடுகள், பங்குனி வெயில் ஏறும்போது காலியாகிவிடுகின்றன. வாழ்க்கையே பாதி ஆண்டு இங்கே, பாதி ஆண்டு அங்கே என்று ஆகிவிடுகிறது.

விதிவிலக்கும் இருக்கிறது. ஆரோவில்லில் வசிக்கச் சேரும் வெளிநாட்டவருக்கு, ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரையின் பேரில் நுழைவு விசா கிடைக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே வரலாம். 1968-இல் தொடங்கிய அந்த நகரியத்தில் ஜெர்மானியர்கள் கணிசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜவ்வாது மலைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விடுதியோ, ஹோம்ஸ்டேயோ, சொந்த வீட்டின் மாடி அறையோ எதுவாக இருந்தாலும், வெளிநாட்டவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அதிகாரிக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி-ஃபார்ம் என்றே இதைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். வயதானவர்தானே, தெரிந்தவர்தானே என்று விட்டுவிடக் கூடாது.

நிலம் வாங்குவது இன்னும் கடினம். சுற்றுலா விசாவில் வருகிறவர் இந்தியாவில் வீடு, மனை எதையும் வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. மிச்சம் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் சாமை, கேழ்வரகு விளையும் கொல்லைகளும். அந்தக் கொல்லைகள் அவர்கள் கையில் இருப்பதுதான் முறை என்பது என் கருத்து.

இன்னொரு வகை ஓய்வூதியர் இருக்கிறார். எண்ணிக்கையில் இனி பெருகப்போகிறவர் அவர்தான். வாணியம்பாடியிலோ போளூரிலோ பிறந்து, ஸ்டுட்கார்ட்டிலோ ம்யூனிக்கிலோ வேலை பார்த்து, ஜெர்மன் குடியுரிமை வாங்கிய தமிழர். 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். பதிலுக்கு ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ என்ற ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அது இருந்தால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தங்கலாம். பதிவு அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம். வீடு, கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. அப்பா விட்டுச்சென்ற நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆக, ஜவ்வாது மலைக் காற்றில் முதுமையைக் கழிக்கச் சட்டப்படி எளிதான வழி இவருக்குத்தான்.

பணம் வருமா என்றால், வரும். ஜெர்மன் அரசு பென்ஷனுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். 1964-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு பென்ஷன் வயது 67. இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி (இ.பி.எஃப்.) கட்டிய காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ள அது வழிசெய்கிறது. பென்ஷனையும் பிடித்தம் இல்லாமல் இந்தியாவில் வாங்கலாம். ஜூலை 1-இல் அங்கே பென்ஷன் உயர்ந்தால் இங்கிருப்பவருக்கும் உயரும். 2024-இல் அந்த உயர்வு 4.57 சதவீதம்.

பிரிட்டனிலிருந்து வருகிறவர் நிலைமை இதற்கு நேர்மாறு. அந்நாட்டு அரசு பென்ஷன் இந்தியாவில் வசிப்பவருக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. முதல் மாதம் என்ன தொகையோ, இருபது ஆண்டு கழித்தும் அதே தொகை. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும்போது இது பெரிய அநீதி.

நம் ஊர்ப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழுக்காகக் கருவூலத்திலும் வங்கியிலும் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்போம். ஜெர்மன் பென்ஷனுக்கும் அதே கதைதான். ஆண்டுக்கு ஒருமுறை ஜெர்மன் அஞ்சல் நிறுவனத்தின் பென்ஷன் பிரிவிலிருந்து ஒரு படிவம் வரும். பாஸ்போர்ட்டோடு வங்கிக்கோ நோட்டரியிடமோ நேரில் போய், உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். நடமாட்டம் உள்ளவருக்கு இது அரை நாள் வேலை. படுக்கையில் இருப்பவருக்கு, அதுவும் மலை மேல் இருப்பவருக்கு, ஆட்டோ பிடிப்பதிலிருந்து அதிகாரியின் கையைக் காலைப் பிடிப்பதுவரை எல்லாமே மலைப்புதான்.

பணம் வந்தாலும் மருத்துவக் காப்பீடு கூடவே வராது. ஜெர்மனியின் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு இந்தியாவில் செல்லாது. இரு நாட்டு ஒப்பந்தத்தில் அது சேரவில்லை. கைக்காசு போட்டுத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் என்றால் மலையிறங்கித் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேலூருக்கோ ஓட வேண்டும். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில், அதுவும் ராத்திரியில், நேரம்தான் உயிர்.

இந்த இரவு இருட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜவ்வாது மலையின் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972 முதல் அங்கே நிற்கிறது. யுரேனஸின் வளையங்களை 1977-இல் பதிவுசெய்த கருவிகளில் அதுவும் ஒன்று. ஊர் வெளிச்சம் படாத இருட்டு என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விண்மீன் பார்ப்பவருக்கு வரமான அதே இருட்டும் ஆளரவமின்மையும், எழுபத்தைந்து வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு ஆபத்து.

அந்த ஆபத்து வெளிநாட்டவருக்கு மட்டுமா? மலையூர்களில் பிறந்து, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய், உடம்பு ஓய்ந்து ஊர் திரும்பும் பெரியவர்களுக்கும் அதே பாதை, அதே தூரம். அவர்கள் நம்பியிருப்பது தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகை. 2023-இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஜெர்மன் பென்ஷனோடு இதை ஒப்பிடுவதே தவறு. ஆனால் இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான்: இரவிலும் கிடைக்கும் ஆம்புலன்ஸ், நடந்து போகும் தூரத்தில் ஒரு மருத்துவர், வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கும் வங்கி ஆள். இவை மலைக்கு வந்தால் முதலில் பயனடைகிறவர்கள் உள்ளூர்ப் பெரியவர்கள்தான்.

அண்டை நாடுகள் ஓய்வூதியரை ஒரு வாய்ப்பாகப் பார்க்கின்றன. தாய்லாந்து 50 வயதைக் கடந்தவருக்கு, வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு காட்டினால் ஓராண்டு விசா தந்து புதுப்பித்துக்கொண்டே போகிறது. இலங்கையிலும் 55 வயது கடந்தவருக்குத் தனி விசா உண்டு. இந்தியாவும் இப்படி ஒன்றைக் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். ஆனால் நிலம் வாங்கும் உரிமை அதோடு சேரக் கூடாது. வருகிறவர் கட்டும் விசா கட்டணத்தில் ஒரு பங்கு, அவர் தங்கும் ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜமுனாமரத்தூர் போன்ற ஓர் ஒன்றியத்துக்கு, இரவுப் பணிக்குக் கூடுதலாக ஒரு செவிலியர் கிடைத்தால்கூட அது பெரிய உதவி.