தயாரிப்பாளரின் மேசை

நாடக மேடையில் அரசனாக வருபவனை ஊரே அறியும். விளக்கேற்றியவனையும், திரை இழுத்தவனையும், மறைவில் நின்று சொல் எடுத்துக் கொடுத்தவனையும் எவரும் அறியார். தொலைக்காட்சியிலும் நிலைமை இதுவே. திரையிற் தோன்றிப் பேசுவோரின் முகம் வீட்டார் முகம்போலப் பழகிவிடுகின்றது. அந்நிகழ்ச்சியை நாள்தோறும் தாங்கி நிற்கும் தயாரிப்பாளரோ, இறுதியில் ஓடி மறையும் ஒரு பெயர் மாத்திரமே. நெடுங்காலம் நிலைத்து நிற்கும் ஒரு நிகழ்ச்சியின் தயாரிப்பாளருக்கு அன்றாட வேலை யாது என்பதை, மெய்யான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இன்று விளக்க விரும்புகின்றேன்.

இலண்டனிலுள்ள பி.பி.சி. நிறுவனம் 1958 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆந் திகதி 'புளூ பீற்றர்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கியது. துறைமுகத்தை விட்டுப் புறப்பட ஆயத்தமான கப்பல் ஏற்றும் நீலக்கொடியின் பெயர் அது. அந்நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகின்றது. பிடி பாக்ஸ்டர் அம்மையார் 1962 இல் அதன் தயாரிப்பாளராகச் சேர்ந்து, 1965 முதல் 1988 வரை அதன் ஆசிரியர் பொறுப்பை வகித்தார். அதற்குமுன் வானொலியிற் பள்ளிக்கூட ஒலிபரப்புகளைத் தயாரித்தவர். 2025 ஓகஸ்ற் மாதம் தமது 92 ஆவது வயதிற் காலமானார். தயாரிப்பாளரின் தொழில் இன்னதென்பதை அவருடைய மேசையிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

1964 முதல் நிகழ்ச்சி வாரம் இருமுறை ஒளிபரப்பாயிற்று. ஆகவே ஒன்று முடிந்த மாலையே அடுத்ததன் கவலை தொடங்கிவிடும். எதைக் காட்டுவது, யாரை அழைப்பது, எந்த விலங்கைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தல் வேண்டும். பேச்சுச் சொற்கள் முழுவதையும் எழுதுதல் வேண்டும். தோன்றுவோர் அவற்றை மனனஞ் செய்துகொண்டு ஒத்திகைக்கு வருவர். பெரும்பாலும் நேரடியாகவே நடைபெற்ற நிகழ்ச்சியாதலின், கலையகத்திற் கடிகாரமே தலைவன். முதல் அங்கம் ஒரு நிமிடம் நீண்டால், இறுதி அங்கம் ஒரு நிமிடத்தை இழக்கும். எதைக் குறைப்பது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானித்தல் வேண்டும்.

ஒரு சிறு செய்தியைக் கேளுங்கள். அட்டையையும் வெறும் போத்தலையும் கொண்டு பொம்மை செய்யும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவர். பசை காய அரைமணி நேரம் வேண்டும். கிடைப்பதோ ஐந்து நிமிடம். ஆதலால் பாதி ஒட்டியது, வர்ணம் பூசியது, முற்றும் முடிந்தது என ஒரே பொம்மையை ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே செய்து மேசைக்கடியில் வைத்திருப்பர். வணிகப் பெயர்கள் விளம்பரமாகிவிடலாகாது என்பதற்காகப் போத்தலிலுள்ள பெயரையும் மறைப்பர். திரையில் எளிதாய்த் தோன்றுவதன் பின்னே இத்தனை உழைப்பு உண்டு.

ஆயினும் அம்மையாரின் வேலையிற் சிறந்தது இதுவன்று. கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதே. சிறுமியாயிருந்தபோது அவர் எழுத்தாளர் எனிட் பிளைற்றனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்பான மறுமொழி வந்தது. மகிழ்ந்து, வேறு கேள்விகளோடு இரண்டாவது கடிதம் எழுதினார். எழுத்துக்கு எழுத்து மாறாமல் முதல் வந்த அதே மறுமொழி மீண்டும் வந்தது. அந்த ஏமாற்றத்தை அவர் மறக்கவில்லை. தாம் பொறுப்பேற்றதும், கடிதம் எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதி அகர வரிசையில் வைக்கச் செய்தார். அப்பிள்ளை மறுபடி எழுதினால், அட்டையை எடுத்துப் பார்த்து, முன் எழுதியதை நினைவுகூர்ந்து மறுமொழி செல்லும். வாரந்தோறும் ஆயிரக்கணக்கிற் கடிதங்கள் குவிந்த இடத்தில் இது எத்துணைப் பெரும் வேலை! நல்ல கடிதத்துக்கும் நல்ல கருத்துக்கும் பரிசாகக் கப்பல் பொறித்த சின்னம் ஒன்று 1963 முதல் வழங்கப்பட்டது. தான் எழுதியதை ஒருவர் வாசித்தார் என்பதற்கு அது சாட்சி.

இத்தகைய நம்பிக்கையைக் காப்பதும் எளிதன்று. 1962 டிசெம்பரில் நிகழ்ச்சிக்கு வந்த நாய்க்குட்டி ஒன்று முதன்முறை தோன்றிய சில நாளில் இறந்துவிட்டது. பிள்ளைகள் வருந்துவர் என அஞ்சி, அதே சாயலுள்ள வேறொரு குட்டியைத் தேடிப் பிடித்து, ஒன்றுஞ் சொல்லாமற் கொண்டுவந்தனர். பெட்ரா எனப் பெயர்பெற்று எல்லாராலும் நேசிக்கப்பட்டது அந்த இரண்டாவது குட்டியே. இரக்கத்தாற் செய்த மறைப்பு என்று இதனை மன்னிப்பார் பலர். ஆனால் 2006 நவம்பரில், அம்மையார் விலகிப் பல்லாண்டு கழிந்தபின், நேரடித் தொலைபேசிப் போட்டியொன்றில் இயந்திரக் கோளாறினால் அழைப்புகளை எடுக்க முடியாமற் போயிற்று. அப்பொழுது கலையகத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பிள்ளையை, வெளியிலிருந்து அழைப்பவர்போலப் பேசச் செய்தனர். இது வெளிப்பட்டதும், 2007 இல் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு நிறுவனம் 50,000 பவுண் தண்டம் விதித்தது. கடிகாரத்துக்கு அஞ்சிச் செய்த ஒரு நிமிடப் பிழை, அரை நூற்றாண்டு தேடிய நற்பெயருக்கு மாசாயிற்று.

இதனைச் சொல்லும்போது என் மேசையும் நினைவுக்கு வருகின்றது. சில ஆண்டுகளுக்குமுன், விடுமுறைக் கடிதங்களோடு சேர்த்துக் கோவையில் இட்ட தாளொன்றைத் தவணை முடிவிலேயே எடுத்து வாசித்தேன். பாடசாலை நூலகத்தை மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கமுடியுமா, வீட்டிற் படிக்க இடமில்லை, என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். விசாரித்தபோது அவள் விலகி வேறூர் சென்றுவிட்டதாக அறிந்தேன். அடுத்த தவணை முதல் நூலகம் மாலையிலும் திறந்தது. ஆனால் கேட்டவளுக்கு மறுமொழி போய்ச் சேரவில்லை.

தயாரிப்பாளர் பல இலட்சம் பேருக்காக உழைப்பவர் என்கின்றோம். அந்த இலட்சமும் ஒவ்வொருவராக நின்று, தம்மை ஒருவர் கவனிக்கின்றாரா என்று பார்த்திருப்போரே. நேயர்களே, உங்கள் மேசையிலும் மறுமொழி காத்துக் கிடக்கும் கடிதம் ஒன்று இருக்கக்கூடும். அதனை இன்றே எடுத்து வாசியுங்கள்.