தீர்க்காயுள் பெற்ற தோட்டா

எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தம் ஏழு தொகுதிகளை 1909ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, வளரி என்னும் எறியாயுதத்தைக் குறித்துப் புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய செய்தியையும் அவற்றுள் சேர்த்துக்கொண்டார். பிறைவடிவில் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் அமைந்த அந்த ஆயுதத்தை, இலேசான முனையில் பற்றித் தோளுக்கு மேலே சுழற்றி வீசிச் சிறு விலங்கை மட்டுமன்றி மனிதனையும் ஒரே வீச்சில் சாய்க்கவல்ல நிபுணர்கள் முன்பு இருந்தார்கள் என்றும், அத்தகையோர் சமஸ்தானத்தில் அப்போது எவரும் இல்லையென்றும், முயலும் காட்டுக்கோழியும் அடிப்பதற்கு மட்டும் எப்போதேனும் அது எடுக்கப்படுகிறது என்றும், அதன் காலம் முடிந்துவிட்டதாகவே கொள்ளவேண்டும் என்றும் திவான் தெரிவித்திருந்தார். பாளையக்காரர் போர்களில் பிரபாவத்தோடு விளங்கிய ஓர் ஆயுதம் முயல் வேட்டைக்குரிய தடியாகச் சுருங்கி, பிறகு அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவின் வேட்டைக்காரர் கைக்கு வந்துசேர்ந்த வேறொரு பொருளுக்கு நேர்ந்த கதி முற்றிலும் வேறானது. .315 என்று பெயர் பெற்ற துப்பாக்கித் தோட்டா அது. பிறந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகியும், பிறந்த நாட்டில் வழக்கொழிந்தும், எந்த வேட்டைக்காக இங்கே வரவழைக்கப்பட்டதோ அந்த வேட்டையே சட்டத்தால் நின்றுபோயும், இன்றளவும் நம் நாட்டில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் நன்கறிந்த ரைபிள் தோட்டாவாக அது நிலைபெற்றிருக்கிறது. இந்தத் தீர்க்காயுளுக்குக் காரணம் தோட்டாவின் குணவிசேஷம் என்று பலர் எண்ணுவர். எனக்குத் தோன்றுவது, அதைச் சிரஞ்சீவியாக்கியது வேட்டைக்காரனின் விருப்பத்தைக் காட்டிலும் அரசாங்கத்தின் அச்சமே என்பதுதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள் தோட்டா என்றதும் பாய்ந்து செல்லும் ஈயத்துண்டை மட்டும் நினைப்பது வழக்கம். அந்த ஈயத்துண்டு, அதாவது ரவை, தோட்டாவின் ஒரு பகுதியே. பித்தளையில் வார்த்திழுத்த கூடு ஒன்று. அதன் அடித்தட்டின் நடுவே, ஊசி குத்தியதும் பொறி கிளம்பும் சிறு மூடி ஒன்று. கூட்டுக்குள்ளே புகையில்லா வெடிமருந்து. வாயில் இறுகப் பொருந்திய ரவை. இந்த நான்கும் சேர்ந்ததே தோட்டா. .315 தோட்டாவின் கூடு அடியில் பருத்து, மேலே தோள்போலச் சரிந்து, கழுத்தாகக் குறுகுகிறது. அடித்தட்டின் ஓரம் வெளியே விளிம்பாகப் புடைத்து நிற்கிறது. குழலின் பின்வாயில் தோட்டா உள்ளே வழுக்கிப் போய்விடாமல் நிறுத்துவதும், சுட்டபின் வெறுங்கூட்டைக் கொக்கி பற்றி வெளியே இழுப்பதும் இந்த விளிம்பைக் கொண்டுதான். ரவையின் எடை 16 கிராமுக்குச் சற்றே குறைவு. இரண்டு பவுன் நகையின் எடை என்று கொள்ளலாம். .315 என்னும் எண் குழல்துளையின் அகலத்தை அங்குலத்தில் குறிப்பது. மெட்ரிக் அளவில் அது 8 மில்லிமீட்டர்.

இத்தோட்டாவின் ஜன்மபூமி ஆஸ்திரியா. புகை கக்கும் கரிமருந்தை ஐரோப்பியச் சேனைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, பிரான்ஸ் தேசம் 1886ஆம் ஆண்டில் காட்டிய வழியில் புகையில்லா மருந்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசும் தன் சேனைக்காக 1888ஆம் ஆண்டில் கரிமருந்தோடு அமைத்துக்கொண்ட 8 மில்லிமீட்டர் தோட்டாவை 1890ஆம் ஆண்டில் புகையில்லா மருந்துக்கு ஏற்பத் திருத்தியது. ஃபெர்டினாண்ட் மான்லிக்கர் வகுத்த 1895ஆம் ஆண்டு ரைபிளோடு சேர்ந்து அத்தோட்டா முதல் உலக யுத்தத்தின் களங்களில் வெடித்தது. யுத்தம் முடிந்து பேரரசு சிதறியது; எஞ்சிய ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் 1930களில் இன்னும் நீண்ட வேறொரு தோட்டாவுக்கு மாறிக்கொண்டன. தாய்நாட்டில் அதன் சரித்திரம் ஏறக்குறைய அவ்வளவில் முடிந்தது.

ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இந்தியாவில் அதற்குப் புனர்ஜன்மம் வாய்த்ததற்கு, ஆங்கில ஆட்சியின் மனத்தில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி விட்டுச்சென்ற வடுவே மூலம். குடிகளின் கையில் ஆயுதம் இருப்பதை அஞ்சிய அரசு 1878ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் இயற்றி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஆனால் துப்பாக்கியைக் காட்டிலும் தோட்டாவே அதன் பெரிய கவலையாக இருந்தது. ஒரு கலகக்காரன் துப்பாக்கி ஒன்றைத் திருடிவிட்டால் திருடியது ஒன்றுதான். ஆனால் அந்தத் துப்பாக்கி சேனையின் தோட்டாவையே தின்னுமானால், கிடங்கிலிருந்து களவாடப்படும் ஒவ்வொரு பெட்டியும் அவன் பலத்தைப் பெருக்கும். ஆகவே சேனை பிரயோகிக்கும் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் நுழையவே கூடாது என்பது ஆட்சியின் திட்டமான கொள்கையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சேனையின் பழைய மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கிகளின் அளவாகிய .450 ரைபிள்கள் இந்தியாவில் தடுக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்மியர்கள் .470, .465 என்று புதிய அளவுகளைக் கற்பித்து யானை வேட்டைக்காரர்களுக்கு விற்றார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற .470 தோட்டா இந்தியத் தடை ஒன்றின் குழந்தை என்பதை இங்கே பலர் அறியார்.

சேனையும் போலீசும் ஏந்திய .303 தோட்டாவுக்கும் இதே தடை பொருந்தியது. அந்தத் தோட்டாவுக்கென்று செய்த லீ–என்ஃபீல்ட் ரைபிளோ உறுதியிலும் எளிமையிலும் இணையற்றது; இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. முதலிய நிறுவனங்கள் அதன் இயந்திர அமைப்பையே கொண்டு வேட்டை ரைபிள்களும் செய்து வந்தன. அந்த ரைபிளை இந்தியாவில் விற்க வேண்டும், ஆனால் .303 தோட்டா அதில் நுழையக் கூடாது என்ற நிர்ப்பந்தம் எழுந்தபோது, ஆஸ்திரியச் சிப்பாயின் 8 மில்லிமீட்டர் தோட்டா கைகொடுத்தது. அதன் விளிம்பும் நீளமும் .303 தோட்டாவின் விளிம்புக்கும் நீளத்துக்கும் நெருங்கியவை. குழலையும் தோட்டாப் பெட்டியையும் மாற்றிவிட்டால், தோட்டாவைப் பூட்டும் தாழ்ப்பாளில் பெரிய மாற்றம் ஏதுமின்றி ரைபிள் இயங்கும். பிரிட்டிஷ் சேனைக்கு அது அந்நியமான தோட்டா ஆகையால் ஆட்சிக்கும் ஆட்சேபம் இல்லை. இவ்வாறாக, அயல்நாட்டுச் சேனையின் தோட்டா பிரிட்டிஷ் ரைபிளுக்குள் குடியேறி, இந்திய வேட்டைக்காரனின் தோளில் ஏறியது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு மாறியிருக்கலாம், மாறவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் தடுக்கப்பட்ட அளவு, தடுக்கப்படாத அளவு என்ற பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, .303 ரைபிள் செய்துவந்த இயந்திரங்களையும் கைத்திறனையும் கொண்டே, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியோடு .315 வேட்டை ரைபிளைச் செய்து குடிமக்களுக்கு விற்றது. புணேயை அடுத்த கட்கியில் 1869ஆம் ஆண்டு தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை அதற்குத் தோட்டா செய்தது. அந்தத் தோட்டாவின் அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால், தொழிற்சாலையின் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான கே.எஃப். என்பன பித்தளையில் பொறித்திருக்கும்.

தோட்டாவின் குணத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். .303 தோட்டாவின் பிற்கால ரவை 11 கிராமுக்குச் சற்று மேல்; விநாடிக்கு 740 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்வது. ஆஸ்திரியத் தோட்டாவின் மூல ரவை கனத்தது, வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 620 மீட்டர். தூரம் செல்லச் செல்ல அது விரைவாகத் தாழ்ந்துவிடும் என்பது குறை. ஆனால் நம் தேசத்துப் புதர்க்காடுகளில் முந்நூறு, நானூறு மீட்டர் தூரத்தில் விலங்கைக் கண்ணால் காண்பதே அபூர்வம். நூறு மீட்டருக்குள், காட்டுப்பன்றியின் தடித்த தோளை ஊடுருவ, கனத்த ரவை மந்தகதியில் சென்றாலும் போதும். தோளில் உதைப்பதும் தாங்கத்தக்க அளவே. உத்தமம் என்று புகழத் தக்கதல்ல எனினும், காரியத்துக்குப் பழுதில்லாத தோட்டா அது.

புகழ்பெற்ற தோட்டாக்கள் வேறு இருந்தன. சம்பாவத்தின் ஆட்கொல்லிப் புலியை 1907ஆம் ஆண்டில் கொன்றமைக்காக ஜிம் கார்பெட்டுக்குச் சர் ஜான் ஹியூவெட் பரிசளித்தது ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள். அதன் தோட்டாவும் ஜெர்மானிய மாசர் சேனைத் தோட்டாவே, ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. சேலம், தர்மபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை நம்பினார். இவர்களுடைய புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் அந்தப் பெயர்களைப் பக்தியோடு உச்சரிப்பார்கள். ஆயினும் துப்பாக்கி இறக்குமதியை அரசு 1980களின் நடுவில் பெரும்பாலும் நிறுத்திவிட்ட பின்பு, அயல்நாட்டுத் தோட்டா கிடைப்பது அருமையாகி, பாட்டனார் காலத்து ரிக்பி, ஹாலண்ட் ரைபிள்கள் பல வீடுகளில் பெட்டிக்குள் மௌனமாயின. உள்நாட்டில் செய்யப்பட்டு, உரிமப் புத்தகத்தை நீட்டினால் கடையில் கிடைக்கும் .315 மட்டும் வழக்கத்தில் நின்றது. அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டின் .30-06 தோட்டா நிலைபெற்றது, சேனையில் பழகிய சிப்பாய் வீடு திரும்பியதும் அதே தோட்டாவையே வேட்டைக்கும் விரும்பியதால்; இந்தியாவில் .315 நிலைபெற்றது, சேனையின் தோட்டாவைக் குடிமகன் தொடவே கூடாது என்று விதித்ததால். எதிரெதிரான இரண்டு காரணங்கள் ஒரே விளைவைத் தந்திருக்கின்றன.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, இந்தச் சரித்திரத்தின் இரு முனைகளும் இந்த ஊரிலேயே சந்திப்பதைக் காண்கிறேன். சமஸ்தானத்தின் காடுகள் ஒருகாலத்தில் தொண்டைமான் மன்னர்களின் வேட்டைக்கென்று காக்கப்பட்டவை. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் முயலும் கௌதாரியும் அவற்றில் வாழ்ந்தன. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. மன்னர் வாழ்ந்த அரண்மனையே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆயிற்று. துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுக்க விரும்புகிற குடியானவரோ முன்னாள் ராணுவ வீரரோ இன்று படியேறுவது அந்த அரண்மனைக்குத்தான். விண்ணப்பத்தில் வேட்டை என்ற காரணத்துக்கு இனி இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. அடைத்தது நன்று என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எஞ்சியவை தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, துப்பாக்கி சுடும் போட்டி ஆகிய காரணங்களே.

பயிர்ப் பாதுகாப்பு என்பது இங்கே வெறும் வார்த்தையன்று. பழைய காட்டு நிலங்களில் பெரும்பகுதி தைலமரத் தோப்புகளாக மாறி, நிழலும் இரையும் நீரும் அங்கே அருகியபின், பன்றி நிலக்கடலைக் கொல்லைக்குள் வருகிறது. விராலிமலைப் பக்கத்து மயில்கள் விதைத்த வயலில் இறங்குகின்றன. மயிலோ தேசியப் பறவை. அதன்மீது எந்தத் துப்பாக்கியும் திரும்பக் கூடாது. இரவெல்லாம் தகரம் தட்டிக் காவல் இருக்கிற குடியானவனின் துயரத்தை எந்தத் தோட்டாவும் தீர்க்கப்போவதில்லை என்றும், காட்டைக் காடாக மீட்பதே அதற்கு மருந்து என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். இவ்வூர்க் குடியானவன் பெரும்பாலும் அறிந்த துப்பாக்கியும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் ‘பன்னிரண்டு போர்’ எனப்படும் வகைகளே; .315 ரைபிள் வசதி படைத்த சிலரின் உடைமை.

இத்தோட்டாவின் பரவலுக்குக் கறுத்த பக்கமும் உண்டு. உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய இடங்களில் கள்ளப் பட்டறைகளில் செய்யப்படும், கட்டா எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் .315 அளவுக்கே துளையிடப்படுகின்றன. தாராளமாகக் கிடைக்கும் தோட்டா எதுவோ அதற்கேற்பவே கள்ளக் கம்மியனும் குழல் தேடுகிறான். கலகக்காரன் கைக்குத் தோட்டா போகாமல் தடுப்பதற்கென்று தேர்ந்தெடுத்த அளவே கொலைகாரன் கைக்கு எளிதில் வந்துசேர்ந்திருப்பது வருந்தத்தக்கது. தோட்டாக் கணக்கைக் கடைகளில் இன்னும் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

உரிமம் பெற்றவரைப் பொறுத்தவரை கணக்கு கண்டிப்பானதே. ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பவை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்குந்தோறும் கடைக்காரர் அதில் பதிந்து கையொப்பமிடுவார். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் அதிகாரிகள் கேட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்துவிட்டது. மூன்றில் ஒன்றை விட்டுவிட நேர்ந்தவர், தோட்டா கிடைக்காத பழைய அயல்நாட்டு ரைபிளை விடுவதா, தோட்டா கிடைக்கும் .315 ரைபிளை விடுவதா என்று யோசித்தால் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயுதத் தொழிற்சாலைகளின் வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, இஷாப்பூரும், நமக்கு அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியிடமும், கட்கி புணேக் கம்பெனியிடமும் சேர்ந்தன. ரைபிள் ஒரு கம்பெனிக்கும் அதன் தோட்டா இன்னொரு கம்பெனிக்கும் உரியவையாயின. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தனியாரும் துப்பாக்கியும் தோட்டாவும் செய்ய வழிவிட்டிருக்கின்றன. புதிய அளவுகள் இனி உள்நாட்டிலேயே பிறக்கலாம்; அவை வந்து, மலிவாகவும் தட்டின்றியும் கிடைக்கத் தொடங்கினால், ஆஸ்திரியச் சிப்பாயின் தோட்டாவுக்கு இந்த நாட்டில் முதன்முறையாக உண்மையான போட்டி ஏற்படும்.