காலி நாற்காலிக்கும் விலை உண்டு

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மணி பிற்பகல் 3. இரவு 7 மணிக்குப் பூங்கா உணவகத்தில் எங்கள் ஐந்து பேருக்கு மேசை பதிவு செய்திருந்தேன். ஒரு நாளைக்கு முன்பே ரத்து செய்திருந்தால் கட்டணம் இல்லை. அந்தக் கெடு நேற்றே முடிந்துவிட்டது. இனி போகாவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று என் கடன்பற்று அட்டையில் பிடித்துக்கொள்வார்கள்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்கா விடுதி ஒன்றில் நடந்தது இது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதலில் என் மனதில் ஓடியது மருந்து அல்ல, கணக்கு. மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டால் போதாதா என்றுகூட யோசித்தேன்.

"காசு போனா சம்பாரிச்சிக்கலாம்மா. புள்ளைய மொதல்ல படுக்க விடு," என்றார் அம்மா.

மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். வானொலிக்காரியின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடாத சாப்பாட்டுக்கு எதற்குக் காசு? இதற்கு என் தொழிலிலேயே பதில் இருக்கிறது. இன்று மாலைச் செய்திக்கு முன் வரும் 30 விநாடி விளம்பர நேரம் விற்காமல் போனால், அதை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. உணவக நாற்காலியும் அப்படித்தான். இரவு 7 மணிக்குக் காலியாகக் கிடந்தால் அந்த 7 மணி திரும்பி வராது. பூங்காவில் கூட்டம் ஆயிரக்கணக்கில்; மேசைகளோ கொஞ்சம். கட்டணம் இல்லையென்றால் ஒரே குடும்பம் மூன்று உணவகங்களில் பதிந்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் போகும். மற்ற இரண்டிலும் இடம் கிடைக்காமல் வேறொரு குடும்பம் பசியோடு அலையும்.

நம் வாசகர்கள் பலரின் கனவுப் பட்டியலில் இருக்கும் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொள்வோம். புளோரிடா மாநிலத்தில் உள்ள இந்த வளாகத்தில் நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. மேசைக்கே வந்து பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகவே பதிவு தொடங்கிவிடும். பெருந்தொற்றுக்கு முன் இது 180 நாளாக இருந்தது. வளாகத்தின் விடுதிகளில் தங்குவோருக்கு ஒரு சலுகை உண்டு. வந்து சேரும் நாளுக்கு 60 நாள் இருக்கும்போதே, தங்கும் நாள்களில் 10 நாள் வரைக்கும் சேர்த்துப் பதியலாம்.

பதியும்போது கடன்பற்று அட்டை எண்ணைக் கேட்பார்கள். பல உணவகங்களில் அப்போது பணம் எடுப்பதில்லை. உணவு நேரத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை ரத்து செய்யலாம். அதைத் தாண்டினாலோ, சொல்லாமல் வராமல் போனாலோ தலைக்கு 10 டாலர். ஐவர் குடும்பத்துக்கு 50 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 200 வெள்ளி! உயர்தர உணவகங்களில் தொகை இதைவிட அதிகம். ஹூப்-டீ-டூ போன்ற இரவு உணவுக் கலைநிகழ்ச்சிகளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே, பொத்தானை அழுத்துமுன் அந்தந்த உணவகத்தின் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது, நேரம். புளோரிடா நமக்குக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. அங்கே விடியற்காலை என்றால் நமக்கு மாலை. ரத்து செய்யும் கெடுவையும் அங்குள்ள நேரப்படிதான் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, தலைக்கணக்கு. "அத்தையும் வரலாம், எதற்கும் எட்டு போடு" என்போம். கட்டணம் தலைக்கு என்பதால் அந்த 'எதற்கும்' செலவு வைக்கும். கைக்குழந்தையைக் கணக்கில் விட்டுவிடுவதும் தவறு; அதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, பேராசை. நாளுக்கு மூன்று வேளையும் பதிந்துவிட்டு, பிள்ளைகள் விளையாட்டு வரிசையில் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவோம். நாளுக்கு ஒரு வேளை போதும். மற்ற வேளைகளுக்கு, முன்பதிவு தேவையில்லாத கவுன்டர் கடைகள் இருக்கவே இருக்கின்றன. விரும்பிய இடம் கிடைக்கவில்லையா? கெடு நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள். அப்போது செயலியில் மறுபடி பாருங்கள்.

சரி, மீதிக் கதை.

அம்மா அதட்டிய பிறகு உணவகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "பிள்ளைக்குக் காய்ச்சல், வர இயலாது, கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். மறுமுனையில் இருந்த பெண், "நாளைக்கு மாற்றித் தரட்டுமா? இந்த மேசைக்கு இங்கே ஆள் காத்திருக்கிறார்கள்" என்றார். கட்டணம் பிடிக்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால், அவர்களுக்கு வேண்டியது என் காசு அல்ல, நாற்காலி காலியாகப் போகிறது என்ற தகவல்தான் என்பது அன்று புரிந்தது. அதை நேரத்தோடு சொன்னதால் இன்னொரு குடும்பம் அன்றிரவு உட்கார்ந்து சாப்பிட்டது.

அறையில் நாங்கள் ஐவரும் கப் மீ சாப்பிட்டோம். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள்.