குரலுக்குள் இன்னொருவர் மூச்சு

உசிலம்பட்டிப் பக்கம் 1987-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் கேசட் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் என் அப்பத்தா நலுங்குப் பாட்டுப் பாடுகிறார். பந்தலில் ரேடியோ செட் அலறுகிறது. வாசலில் நாதஸ்வரமும் தவிலும் சாலராவும். யாரோ பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் அடியில் அப்பத்தாவின் குரல். போன மாதம் என் தம்பி அதைக் கணினியில் ஏற்றி, ஒலிகளைப் பிரிக்கும் மென்பொருளில் போட்டான். சில நிமிடங்களில் குரல் தனியாக வந்து நின்றது. இரண்டு அடிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

இத்தகைய மென்பொருள் பெரும்பாலும் ஒலியை முதலில் ஒரு படமாக்கிக்கொள்கிறது. குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண். ஒலி வலுக்கும் இடத்தில் நிறம் அழுத்தமாக விழும். மனிதக் குரல் அந்தப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளியும் கோடுகளாகத் தெரியும். மேளத்தில் விழும் அடி செங்குத்தான கீற்றாகத் தெரியும். குரல், டிரம்ஸ், பேஸ் கிட்டார் என்று தனித்தனியே பதிவான பாட்டுகளைக் கலந்தும் பிரித்தும் காட்டி, எந்தக் கோடு யாருடையது என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் ஒரு தொகுப்பில் இருப்பவை 150 பாட்டுகள்தான். பெரும்பாலும் மேற்கத்தியப் பாட்டுகள். அதில் நாதஸ்வரத்துக்குத் தனி இடம் கிடையாது. எங்கள் கேசட்டில் நாதஸ்வரம் அப்பத்தாவின் குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ‘ச’ வரும் சில சொற்களின் முனை, சாலராவின் ஓசையோடு போய்விட்டது. இரண்டும் உயர்ந்த அதிர்வெண்ணில் இரைச்சலாக ஒலிப்பவை. இயந்திரம் தடுமாறும் இடம் அது. நம் வாத்தியங்களைத் தனித்தனியே பதிந்து இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இதே வேலைதான் உலகின் மிகப் புகழ்பெற்ற ராக் இசைக்குழுவான பீட்டில்ஸுக்கும் நடந்தது. அக்குழுவின் ஜான் லெனன் 1970-களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிவைத்த கேசட் ஒன்று இருந்தது. 1980-ல் அவர் கொல்லப்பட்டார். 1995-ல் மற்ற மூவரும் அதைப் பாட்டாக்க முயன்றபோது, பியானோவும் கேசட்டின் இரைச்சலும் குரலை விடவில்லை; கைவிட்டார்கள். பிறகு, இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு ஓர் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள் அந்தக் குரலைப் பிரித்துக் கொடுத்தது. ‘நவ் அண்ட் தென்’ 2023 நவம்பரில் வெளியாகி, 2025-ல் கிராமி விருதும் பெற்றது. அதில் கேட்பது லெனன் பாடிய குரலேதான். இயந்திரம் தூசி தட்டியது, அவ்வளவே.

நம் ஊர்ப் பாட்டுகளில் நடந்தது இதைத் தாண்டிய காரியம். ‘ஜென்டில்மேன்’ படத்தில் உசிலம்பட்டியின் பெயரோடு தொடங்கும் பாட்டை மதுரைப் பக்கம் கேட்காத காது இருக்காது. அதைப் பாடிய சாகுல் ஹமீது 1990-களின் பிற்பகுதியில் இறந்தார். இன்னொரு பாடகர் பம்பா பாக்யா இறந்தது 2022-ல். இந்த இருவர் குரல்களும் 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில், புதிய பாட்டொன்றில் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக ரஹ்மான் அறிவித்தார். அதே ஆண்டு ‘தி கோட்’ படத்தில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் வந்தது. பெங்களூருவில் அந்தப் பாட்டை அமைத்தபோதே, அக்கா குணமாகி வந்ததும் அவரைப் பாடவைக்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் மரணச் செய்தி வந்ததாகவும் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா எழுதினார்.

இல்லாதவர் எப்படிப் பாடினார்? குரல்வளையில் பிறக்கும் ஒலி தொண்டை, வாய், மூக்கு வழியே வரும்போது சில அதிர்வெண்கள் வலுக்கும், சில மங்கும். ஒரே சுருதியில் இருவர் ‘ஆ’ என்று பாடினாலும் இன்னார் குரல் என்று தெரிவது அதனால்தான். பழைய பதிவுகளிலிருந்து அந்தச் சாயலை இயந்திரம் கற்றுக்கொள்கிறது. பிறகு, உயிரோடிருக்கும் ஒருவர் புதுப் பாட்டை முழுதாகப் பாடுகிறார். அவர் பாட்டிலிருந்து சொல்லையும் சுருதியையும் காலத்தையும் எடுத்துக்கொண்டு, சாயலை மட்டும் மாற்றி ஒலியைத் திரும்பக் கட்டுகிறார்கள். கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை; குறுந்தகட்டுத் தரத்துக்கு நொடிக்கு 44,100 எண்கள். எங்கே இழுப்பது, எங்கே குழைவது, எந்தச் சொல்லில் அழுத்துவது எல்லாம் அந்தப் பாடகரின் வேலை.

மதுரையில் திருவிழாக் கச்சேரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் பிறந்த ஊர் இது. எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலும் ‘டி.எம்.எஸ். குரல்’ பாட ஒருவர் இருப்பார். மேடையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள், கைதட்டலும் அவருக்குத்தான். கணினிக்குள் பாடுகிறவருக்கும் அந்த மரியாதை வேண்டும். பாட்டின் விவரத்தில், மறைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அனுமதியும் அப்படித்தான். மறைந்த பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் உருவாக்கிவிட்டார்கள் என்று ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் சரண் 2024-ல் நோட்டீஸ் அனுப்பினார். குரல் ஒருவரின் உடம்பிலிருந்து வருவது. கேட்காமல் எடுத்தால் வலிக்கத்தான் செய்யும்.

எங்கள் கேசட்டில் அப்பத்தாவின் பாட்டு முடியவில்லை. டேப் தீர்ந்து, நடு அடியில் நின்றுவிடுகிறது. மிச்ச அடிகள் அத்தைக்குத் தெரியும். “நீங்க பாடுங்கத்தை, அப்பத்தா குரலா மாத்திரலாம்” என்றான் தம்பி. அத்தை மறுநாள் வந்து உட்கார்ந்து, செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார். பாடி முடித்ததும், “மாத்தாதய்யா, அம்மா பாடுன வரைக்கும் அம்மா, மிச்சம் நான்” என்றார். அப்படியேதான் சேர்த்து வைத்திருக்கிறோம்.