தாத்தா மெதுவாத்தான் திரும்புவார்

போன எபிசோட்ல திரும்பிப் பார்க்குற ஃபோட்டோ ஃப்ரேம் பத்தி ஒரு வரி சொல்லிட்டு ஓடிட்டேன். இன்னைக்கு முழுசா சொல்றேன், நான் பண்ணின தப்பையும் சேர்த்து.

எங்க ஹால் அலமாரியில தாத்தா படம் இருக்கு. பாட்டி தினமும் சாயங்காலம் அதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருவாங்க. அவங்க உட்கார்ந்ததும் படம் அவங்க பக்கம் திரும்பணும். அவ்வளவுதான் ஐடியா.

முக்கியமான பொருள் மூணுதான். மூளைக்கு ஆர்டுயினோ ஊனோ, கண்ணுக்கு எச்.சி.எஸ்.ஆர். 04 அல்ட்ராசோனிக் சென்சார், கழுத்துக்கு எஸ்.ஜி. 90 சர்வோ மோட்டார்.

சென்சார், நம்ம காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். அது எதிர்ல இருக்குறவங்க மேல பட்டு எதிரொலிச்சுத் திரும்ப எத்தனை மைக்ரோசெகண்ட் ஆகுதோ, அதை 58-ஆல வகுத்தா தூரம் சென்டிமீட்டர்ல கிடைச்சிடும். பருத்திப் புடவை ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிடும், அதனால அளவு தாவும். அஞ்சு தடவை அளந்து நடுவுல வர்ற எண்ணை எடுத்துக்கிட்டேன். 80 செ.மீ.க்குள்ள வந்தா படம் திரும்பும், 120 செ.மீ. தாண்டினாத்தான் பழைய இடத்துக்குப் போகும். ரெண்டுக்கும் ஒரே எல்லை வச்சா, அங்கேயே நின்னு தலையாட்டிக்கிட்டே இருக்கும்.

சர்வோ, ஃபேன் மாதிரி சுத்திக்கிட்டே இருக்காது. சொன்ன கோணத்துக்குப் போய் நிற்கும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒரு சின்ன பல்ஸ் அனுப்பணும். அந்தப் பல்ஸோட நீளம்தான் கோணம்.

இப்ப தப்புக்கு வர்றேன். மோட்டாருக்கும் ஆர்டுயினோவுல இருந்தே கரண்ட் எடுத்தேன். அந்த போர்டு லேப்டாப் யூஎஸ்பியில ஓடிக்கிட்டு இருந்துச்சு. மோட்டார் கிளம்பும்போது சட்டுனு நிறைய கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் மறுபடியும் மோட்டாரை ஆரம்ப இடத்துக்கு அனுப்பும், மறுபடியும் விழும். நான் ஒயரைப் பிடுங்குறதுக்குள்ள படம் உதறி உதறி, ஓரம் சட்டத்துல மாட்டிக் கிழிஞ்சிடுச்சு.

அது ஒரிஜினல். தாத்தாவோட அந்தப் படத்துக்கு வேற காப்பி கிடையாது.

பாட்டி திட்டியிருந்தா பரவாயில்ல. ஒண்ணுமே சொல்லாம கிழிஞ்ச துண்டைத் தேடி எடுத்து, முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

மறுநாள் முதல் வேலையா படத்தை ஸ்கேன் பண்ணி, பிரிண்ட் எடுத்து, அதை லேசான சன்போர்டுல ஒட்டினேன். மோட்டாருக்குத் தனியா 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் குடுத்தேன். ரெண்டு சப்ளையோட கிரவுண்டையும் சேர்த்தே ஆகணும், இல்லைன்னா பல்ஸை மோட்டார் ஒழுங்கா புரிஞ்சுக்காது. பக்கத்துல ஒரு 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். ரீசெட் நின்னுச்சு.

பாட்டியை உட்கார வச்சேன். படம் சடக்குனு திரும்புச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னாங்க: "உங்க தாத்தா என்னைக்குடா நான் வந்தவுடனே இவ்வளவு வேகமா திரும்பிப் பார்த்தாரு?"

கோடுல ஒரு லூப் சேர்த்தேன். ஒவ்வொரு டிகிரிக்கும் 40 மில்லிசெகண்ட் காத்திருக்கும். 60 டிகிரி திரும்ப 2.4 செகண்ட். இப்ப சரியா இருக்காம்.

ஒரிஜினல் பாட்டியோட பீரோவுல இருக்கு, கிழிஞ்ச துண்டோட. நீங்க செய்றதா இருந்தா, ஒயரைத் தொடுறதுக்கு முன்னாடி படத்தை ஸ்கேன் பண்ணிடுங்க.