ஃபேடில் தடுமாறும் எச்டிஆர்

எச்டிஆர் படத்தைச் சாதாரணத் திரைக்கான எஸ்டிஆராக மாற்றும்போது பகல் காட்சியும் இரவுக் காட்சியும் பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துவிடும். கோளாறு தலைகாட்டுவது ஒரு காட்சி மங்கி இன்னொன்று தொடங்கும் ஃபேடில்தான். மெல்ல இருள வேண்டிய படம் நெடுநேரம் மங்காமல் அடம்பிடிக்கும். கடைசியில் சுவிட்சை அணைத்ததுபோல் கறுத்துவிடும். சில படங்களில் நடுவே வெளிச்சம் ஒரு முறை துடிக்கும்.

எஸ்டிஆரில் வெண்மையின் அளவுகோல் 100 நிட்; நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு. எச்டிஆருக்காக 2014இல் தரப்படுத்தப்பட்ட பிக்யூ முறை 10,000 நிட் வரை பதிவுசெய்ய இடம் தருகிறது. படங்கள் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் திரையைப் பார்த்து மெருகேற்றப்படுகின்றன. இவ்வளவையும் 100க்குள் அமுக்கும் வேலைக்கு டோன் மேப்பிங் என்று பெயர். படம் முழுவதற்கும் ஒரே உச்ச அளவை வைத்து அமுக்குவது ஒரு வழி. ஒவ்வொரு ஃப்ரேமின் உச்சத்தையும் அளந்து அதற்கேற்ப அமுக்குவது இன்னொன்று. இரண்டாவதில் படம் பளிச்சென்று இருக்கும். ஃபேடில் சிக்கிக்கொள்வதும் அதுதான்.

800 நிட் விளக்கு ஒன்று இருக்கும் காட்சி, இரண்டு நொடியில், அதாவது 48 ஃப்ரேமில், சீராக அணைகிறது என்று கொள்வோம். 24ஆம் ஃப்ரேமில் விளக்கு 400 நிட். உச்சம் 400தான் என்று மாற்றும் நிரல் எண்ணி, அமுக்குவதைக் குறைக்கிறது. விளக்கு திரையில் பழையபடி முழு வெண்மை. உச்சம் 100 நிட்டுக்கு இறங்கும் வரை, அதாவது 42 ஃப்ரேம் வரை, இதே கதைதான். மிச்சமுள்ள 6 ஃப்ரேமுக்குள், கால் நொடியில், எல்லா இருட்டும் வந்து சேர வேண்டும். இயக்குநர் வேண்டுமென்றே குறைத்த வெளிச்சத்தை நிரல் குறையாக எண்ணித் திருத்திவிடுகிறது.

இதைத் தணிக்க, அளந்த உச்சத்தைப் பல ஃப்ரேம்களுக்குச் சராசரியாக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் வெளிச்சம் ஒரு வரம்பைத் தாண்டி மாறினால் காட்சி மாறிவிட்டது என்று முடிவுகட்டி நிரல் சராசரியைத் தூக்கியெறியும். ஒரு காட்சி இன்னொன்றுக்குள் கரையும் டிசால்வின் நடுவில் அப்படி நடந்தால்தான் அந்தத் துடிப்பு.

சோதிப்பது எளிது. ஃபேடு வரும் பத்து நொடியை மட்டும் வெட்டி, நிலையான உச்சத்தோடு மாற்றிப் பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் டோன்மேப் ஃபில்டரில் உச்சத்தை நாமே கொடுக்கலாம். 1,000 நிட்டுக்கு 10 என்று எழுத வேண்டும். எம்பிவி ப்ளேயரில் உச்சம் அளக்கும் வசதியை அணைத்துப் பார்த்தால் போதும். கோளாறு போய்விட்டால் காரணம் இதுவே. இருண்ட காட்சிகள் சற்று மங்கலாவது இதற்கான விலை. ஃபேடு கெடுவதைவிட அது பரவாயில்லை. டால்பி விஷன் போன்ற முறைகளில் ஷாட்டுக்கு ஷாட் மெட்டாடேட்டா எழுதுகிறார்கள். அங்கே ஷாட் எல்லை டிசால்வின் நடுவில் விழுந்தால் அதே இடத்தில் வெளிச்சம் எகிறும்; இரு ஷாட்டுகளின் மெட்டாடேட்டா மதிப்புகளையும் ஃப்ரேம்தோறும் படிப்படியாகக் கலக்க வேண்டும்.

ஃபேடு எந்தக் கணக்கில் போடப்பட்டது என்பதும் முக்கியம். 1,000 நிட் வெண்மையின் பிக்யூ எண்ணைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 25 நிட் வரும். ஒளியளவையே பாதியாக்கினால் 500. எஸ்டிஆரில் 100 நிட்டின் எண்ணைப் பாதியாக்கினால் 19. ஒரே ஃபேடு மூன்று வேகத்தில் இறங்குவது இதனால்தான். எடிட்டிங் கோப்பு கையில் இருந்தால், ஷாட்டுகளைத் தனித்தனியே எஸ்டிஆராக மாற்றிவிட்டு, பிறகு எஸ்டிஆர் டைம்லைனில் ஃபேடு போடுவதே நல்லது.

வேகம் சரியாகி, இருட்டில் வட்ட வட்டமாகப் பட்டைகள் தெரிந்தால் அது வேறு நோய். 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெண்மை வரை, 16 முதல் 235 வரை, 220 படிகளே உண்டு. ஃபேடின் இறுதியில் படம் முழுவதும் அவற்றில் சிலவற்றுக்குள் ஒடுங்கிவிடும். 10 பிட்டிலிருந்து இறக்கும்போது டிதரிங் சேர்த்தால் பட்டைகள் கரையும். சேர்த்தும் தெரிந்தால், அதே துண்டை இழப்பில்லாமல் சேமித்துப் பார்க்க வேண்டும். அதில் பட்டைகள் இல்லையென்றால் டிதரிங் தூவிய மணல் போன்ற நுண்புள்ளிகளை என்கோடர் துடைத்திருக்கிறது. பிட்ரேட்டைக் கூட்ட வேண்டும், அல்லது 10 பிட்டிலேயே என்கோடு செய்ய வேண்டும்.